தேங்காண்ணெய் போத்தலும் தொப்பைக்கு அடிக்கிற லேசரும்

போன மாசம் கொட்டகலையில இருக்கிற பெரியம்மா மக அக்கா ராத்திரி பத்து மணிக்கு ஒரு வீடியோவ அனுப்பி, "தம்பி இது நெசமாவே வேல செய்யுமாடா, இல்ல சும்மா காசு புடுங்குறானுங்களா"ன்னு கேட்டிருந்தாங்க. வீடியோவுல ஒரு பொண்ணு கட்டில்ல படுத்திருக்கு, வயித்து மேல பெல்ட் மாதிரி ஒண்ண கட்டி நாலு பெட்டிய மாட்டிருக்காங்க, கீழ "லேசர் மூலம் கொழுப்பு உருகுகிறது, கத்தி இல்லை, வலி இல்லை, ஒரே சிட்டிங்கில் 2 இஞ்ச்"னு எழுத்து ஓடுது. தங்கச்சி கல்யாணம் தை மாசம், அக்காவுக்கு ரெண்டு புள்ள, ரெண்டும் ஒப்பரேஷன் பண்ணி பொறந்தது, சாரி கட்டுனா வயிறு முன்னால நிக்குதுன்னு ரொம்ப நாளா ஒரு கவலை. நான் ஹட்டன்ல ஏ.எல். புள்ளைங்களுக்கு பயோ படிப்பிக்கிறதால குடும்பத்துல இந்த மாதிரி கேள்வியெல்லாம் எனக்குத்தான் வரும்.

அந்த "உருகுகிறது"ங்கிற சொல்லுலயே ஒரு தப்பு இருக்குங்க. நுவரெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு இது ஈசியா வெளங்கும். ஜனவரி குளிருல தேங்காண்ணெய் போத்தல்ல வெள்ள மெழுகு மாதிரி உறைஞ்சு நிக்கும், தலைக்கு வைக்கணும்னா அடுப்பு பக்கத்துல வச்சு எடுக்கணும், அதே போத்தல் கொழும்புல சித்தி வீட்டு தட்டுல வருஷம் பூரா தண்ணியா இருக்கும். ஏன்னா தேங்காண்ணெய் உருகுறது சுமார் 24 டிகிரியில. நம்ம உடம்பு 37 டிகிரி. நம்ம தோலுக்கு கீழ இருக்கிற கொழுப்பு அந்த சூட்டுல ஏற்கனவே எண்ணெயாத்தான் இருக்கு, புதுசா உருக்க அங்க ஒண்ணும் இல்ல. அந்த எண்ணெய் தனியா மெதக்கவும் இல்ல, கோடிக்கணக்கான சின்ன சின்ன பைக்குள்ள அடைச்சிருக்கு, அந்தப் பைதான் கொழுப்பு செல். லேசர் செய்யறது அந்தப் பைய சாகடிக்கிறது. எண்ணெய் வெளியேறுறதெல்லாம் பின்னால நடக்கிற கத.

சரி, மேல தோல சுடாம உள்ள இருக்கிற பைய மட்டும் எப்படி சாகடிக்கிறாங்க? இதுக்கு அடிப்படைய 1983ல ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு எழுதி வச்சாங்க. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நிற ஒளிய விரும்பி உறிஞ்சும், சரியான நிறத்த சரியான நேரத்துக்கு அடிச்சா பக்கத்துல இருக்கிறத விட்டுட்டு குறி வச்சதுல மட்டும் சூட்ட ஏத்தலாம், விஷயம் அவ்வளவுதான். முடி எடுக்கிற லேசர், மச்சம் எடுக்கிற லேசர், பச்சை குத்துனத அழிக்கிற லேசர் எல்லாத்துக்கும் இதுதான் மூலம்.

வயித்து கொழுப்புக்கு பாவிக்கிற லேசர்ல நல்லா சோதிச்சு பார்த்தது 1060 நானோமீட்டர் அலைநீளம் (ஒளியோட நிறத்த சொல்ற அளவு) உள்ளது. கண்ணுக்கு தெரியாத அகச்சிவப்பு ஒளி, டிவி ரிமோட்ல வர்ற அதே குடும்பம்தான், ஆனா பலம் எங்கயோ இருக்கு. ஸ்கல்ப்ஷுர்ங்கிற மெஷினுக்கு, மருந்து, மருத்துவக் கருவிகள சோதிச்சு விடுற அமெரிக்க எஃப்.டி.ஏ. 2015ல அனுமதி குடுத்தது இந்த வகைக்குத்தான், அதுவும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்கிற கணக்கு, 30 இல்ல அதுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு. இந்த அலைநீளத்த தோல்ல இருக்கிற கறுப்பு நிறமி பெருசா உறிஞ்சாது, அதனால நம்ம மாதிரி மாநிறம், கறுப்பு தோல் உள்ளவங்களுக்கும் ஓரளவு பயமில்லாம அடிக்கலாம், இது நெசமாவே ஒரு நல்ல விஷயம், ஏன்னா முடி எடுக்கிற 755 நானோமீட்டர் லேசர் கறுப்பு தோல்ல சுட்டு தழும்பு போடுற கத நெறய இருக்கு. ஒளி தோல தாண்டி உள்ள போகுது, கொழுப்புல சூடு ஏறுது, அதே நேரம் மெஷினோட முகத்துல இருக்கிற குளிர்ந்த தகடு தோல தொட்டுக்கிட்டே குளிர வச்சிக்கிட்டு இருக்கு. தோலுக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி, சூடு வந்தா ரத்தம் அள்ளிக்கிட்டு போயிரும். கொழுப்புல ரத்த ஓட்டம் கம்மி, சூட்டயும் லேசுல கடத்தாது, அதனால வந்த சூடு அங்கயே தங்கிரும், குளிருக்கு போர்த்தற கம்பளி மாதிரி.

எவ்வளவு சூடுன்னு கேட்டா 42லருந்து 47 டிகிரி வரைக்கும். கேக்க பெருசா இல்ல, நல்ல காய்ச்சலே 40 வரும். ஆனா அந்த சூட்டுல சுமார் 25 நிமிஷம் புடிச்சு வைக்கிறாங்க, அங்கதான் விஷயம் இருக்கு. தேயிலை ஃபேக்டரியில கொழுந்து வாட்டுற தொட்டிய பார்த்தவங்களுக்கு தெரியும், காத்து ரொம்ப சூடா போனா கொழுந்து கருகிரும், ரொம்ப ஆறிப்போனா ராத்திரி பூரா போட்டு வச்சாலும் வாட்டு புடிக்காது, சூடும் நேரமும் சேர்ந்துதான் கணக்கு. கொழுப்பு செல்லும் அப்படித்தான், அந்த சூட்டுல அவ்வளவு நேரம் கெடந்தா சவ்வு கெட்டு, சாகப்போறோம்னு முடிவாயிரும். 50 டிகிரிய தாண்டி போனா கொழுப்போட தோலும் சேர்ந்து வேகும், அதனால மெஷின ஓட்டுறவங்க யாருங்கிறது முக்கியம்.

ஆனா சாகப்போறோம்னு முடிவானதும் அந்த நிமிஷமே எதுவும் மறையாது. அடுத்த சில வாரத்துல நோய் எதிர்ப்பு செல்லுங்க, மேக்ரோஃபேஜ்னு சொல்லுவோம், வந்து செத்த பைகள கொஞ்சம் கொஞ்சமா தின்னு தீர்க்கும், உள்ள இருந்த எண்ணெய் நிணநீர் வழியா ரத்தத்துக்கு போய் ஈரலுக்கு போய், சாப்பாட்டுல வந்த கொழுப்ப நடத்துற மாதிரியே உடம்பு அதையும் நடத்தும். வித்தியாசம் 6 வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், முழுசா தெரிய 12 வாரம் ஆகும். அப்போ "ஒரே சிட்டிங்கில் 2 இஞ்ச்" எங்கருந்து வந்தது?

அக்காவுக்கு போன்ல இந்த கணக்க போட்டு காட்டுனேன். இடுப்பு சுற்றளவு 2 இஞ்ச் குறையணும்னா, வயிறு, விலா, முதுகு எல்லாம் சேர்த்து சுத்திவர 8 மில்லிமீட்டர் கொழுப்பு போகணும். நல்லா செஞ்ச பரிசோதனைங்கள்ல ஸ்கேன் வச்சு அளந்து பார்த்தா, 12 வாரத்துக்கு பொறகு அடிச்ச எடத்துல மட்டும் கொழுப்பு கனம் குறைஞ்சது ரெண்டு மூணு மில்லிமீட்டர் அளவுலதான். பெட்டி ஒண்ணு 4க்கு 6 சென்டிமீட்டர், நாலு பெட்டி சேர்த்தா 96 சதுர சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர்னே வச்சா 29 கன சென்டிமீட்டர், கொழுப்போட அடர்த்தி 0.9, ஆக சுமார் 26 கிராம். ரெண்டு மேசக்கரண்டி எண்ணெய். சூடு பெட்டி ஓரத்த தாண்டி பரவும், சரி ரெண்டு மடங்குன்னே வைங்க, 50 கிராம் சொச்சம். ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சா தராசுல 200 கிராம் ஏறும். அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஈரத்துக்கு கழிக்கிறதவிட கொறச்சலாடா"ன்னாங்க, நான் சிரிச்சிட்டேன்.

அதுக்காக இத பொய்னு சொல்ல வரல. ஒல்லியா இருக்கிற ஒருத்தருக்கு இடுப்பு பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி தொங்குது, எவ்வளவு நடந்தாலும் அது மட்டும் போகலன்னா, அந்த மூணு மில்லிமீட்டர் கண்ணாடியில தெரியும். ரெண்டு தடவ, மூணு தடவ செஞ்சா இன்னும் கொஞ்சம். இது உருவத்த தீட்டுற வேல, எடைய எறக்குற வேல கெடையாது. மெஷின் செய்றவங்களும் எடை குறையும்னு எழுதறதில்ல, எழுதறது விளம்பரம் போடுறவங்க.

அன்னைக்கே குறைஞ்சதா காட்டுறதுக்கு லேசரே வேணாங்க. டேப்ப ரெண்டாவது தடவ கொஞ்சம் இறுக்கி புடிச்சா ஒரு இஞ்ச், மூச்ச வெளிய விட்டுட்டு அளந்தா இன்னும் அரை இஞ்ச், தொப்புளுக்கு மேல அளந்துட்டு அடுத்த தடவ இன்னும் ரெண்டு விரல் மேல அளந்தா அதுலயும் குறையும். முன்னால எடுத்த படத்துல மேலருந்து லைட், முதுக கூன விட்டு, பாவாடை நாடா வயித்த வெட்டற மாதிரி, பின்னால எடுத்த படத்துல முன்னாலருந்து லைட், நெஞ்ச நிமித்தி, நாடா கொஞ்சம் மேல. ஹட்டன்ல எங்க டைலர் அண்ணன் மட்டும்தான் ரெண்டு தடவயும் ஒரே மாதிரி அளப்பாரு, ஏன்னா தப்பா அளந்தா பிளவுஸ் திரும்பி வரும்.

லேசர்னு பேரு வச்சாலும் எல்லாம் ஒண்ணு இல்லங்கிறதயும் சொல்லிரணும். 635 நானோமீட்டர்ல செவப்பு வெளிச்சமா அடிக்கிற இன்னொரு வகை இருக்கு, ஸெரோனான்னு பேரு, அதுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி 2010ல வந்தது. அது சூடே ஏத்தாது. கொழுப்பு செல்லோட சவ்வுல தற்காலிகமா ஓட்டை விழுந்து எண்ணெய் கசியும்னு சொல்றாங்க, ஆனா அந்த ஓட்டை விஷயத்துல ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. அதுல ரெண்டு வாரத்துல சுமார் மூணரை இஞ்ச் குறைஞ்சதுன்னு ஒரு பரிசோதனை இருக்கு, படிச்சா வாயப் பொளப்பீங்க, உள்ள போய் பார்த்தா இடுப்பு, புட்டம், ரெண்டு தொடைன்னு நாலு எடத்துல குறைஞ்சத கூட்டிப் போட்ட கணக்கு அது. ஆக ஒரு எடத்துக்கு சராசரியா ஒரு இஞ்ச் கூட இல்ல. அப்பறம் ஃபேஸ்புக்ல விக்கிற செவப்பு பல்பு பெல்ட், அதப் பத்தி பேசவே வேணாம், குளிருக்கு வயித்துல கட்டிக்கிட்டு தூங்கலாம்.

குளிர வச்சு கொழுப்ப சாகடிக்கிற முறையும் ஒண்ணு இருக்கு, இங்கதான் நம்ம தேங்காண்ணெய் போத்தல் திரும்ப வருது. கொழுப்பு உறையுற குளிருல தண்ணி உறையாது. அதனால கொழுப்பு செல் உள்ளுக்குள்ள படிகமாகி கெட்டுப்போற குளிருலயும் தோலும் தசையும் தாங்கிக்கும். இத மொதல்ல காட்டிக் குடுத்தது சின்னப் புள்ளைங்க, ஐஸ் பழம் சப்பி சப்பி கன்னத்துல கொழுப்பு வீங்கி கட்டியா போறத 1970லயே டொக்டர்மார் எழுதி வச்சிருக்காங்க. அத புடிச்சுக்கிட்டுத்தான் டீட்டர் மான்ஸ்டைனும் அதே ராக்ஸ் ஆண்டர்சனும் கூல்ஸ்கல்ப்டிங்க கொண்டு வந்தாங்க. அதுல அபூர்வமா ஒரு விபரீதம் நடக்கும், அடிச்ச எடத்துல கொழுப்பு குறையறதுக்கு பதிலா அந்தப் பெட்டியோட வடிவத்துலயே கெட்டியா வளந்து நிக்கும், அப்பறம் கத்தி வச்சுத்தான் எடுக்கணும்.

செத்த கொழுப்பு செல் திரும்ப வருமான்னு அக்கா கேட்டாங்க. 2008ல சுவீடன்ல ஒரு குழு இத அழகா கண்டு புடிச்சாங்க. 1950கள், 60கள்ல வெடிச்ச அணுகுண்டு சோதனையால காத்துல கூடிப்போன கார்பன் 14, அப்போ பொறந்த செல்லுங்களோட டி.என்.ஏ.க்குள்ள தேதி குத்துன மாதிரி பதிஞ்சிருக்கு, அத வச்சு கொழுப்பு செல்லுக்கு வயசு பார்த்தாங்க. வருஷத்துக்கு சுமார் நூத்துக்கு பத்து செல் செத்து புதுசு பொறக்குது, ஆனா வளந்தவங்களுக்கு மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே நிக்குது. அதனால அடிச்ச எடத்துல போனது போனதுதான்னு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. ஆனா மிச்சம் இருக்கிற செல்லு ஒவ்வொண்ணும் பலூன் மாதிரி வீங்கும். காலையில தேங்கா ரொட்டி, பத்து மணிக்கு சீனி போட்ட பால் தேத்தண்ணி, ராத்திரி கொத்துன்னு போனா வயித்துல எடம் இல்லன்னா முதுகுலயும் கையிலயும் வந்து ஒக்காரும்.

இன்னொரு விஷயம், இது ஆம்பளைங்களுக்கு முக்கியம். படுத்துக்கிட்டு வயித்த ரெண்டு விரலால கிள்ளி பாருங்க. கையில புடிபடுறது தோலுக்கு கீழ இருக்கிற கொழுப்பு, லேசர் தொடுறது அத மட்டும்தான். எங்க மாமாவோட தொப்பை அப்படி இல்ல, தட்டுனா தப்பு மேளம் மாதிரி டம் டம்னு இருக்கும், கிள்ளவே வராது, ஏன்னா அவரு கொழுப்பு தசைக்கு பின்னால, குடல சுத்தி, ஈரல சுத்தி இருக்கு. அங்க எந்த லேசரும் போகாது. சீனி வருத்தத்துக்கும் இதய நோய்க்கும் ஜாஸ்தி சம்பந்தம் உள்ளது அந்த உள் கொழுப்புத்தான், நம்ம தெற்காசிய உடம்புக்கு அது சீக்கிரமே சேரும், அதனாலதான் இடுப்பு சுற்றளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80ன்னு நமக்கு கொறச்சலா வச்சிருக்காங்க. 2004ல அமெரிக்காவுல, ரொம்ப பருமனான 15 பொம்பளைங்களுக்கு குழாய் போட்டு ஒவ்வொருத்தருக்கும் 10 கிலோ வாக்குல தோலடி கொழுப்ப உறிஞ்சி எடுத்து பார்த்தாங்க, அப்படியும் இன்சுலின் வேல செய்யறதுலயோ ரத்த கொழுப்புலயோ எந்த முன்னேற்றமும் வரல. 10 கிலோவுக்கே அப்படின்னா ரெண்டு மேசக்கரண்டிக்கு என்ன சொல்றது.

செஞ்சுக்கத்தான் போறேன்னு முடிவு எடுத்தவங்க, மெஷின் பேரு, அலைநீளம் ரெண்டயும் வெக்கப்படாம கேளுங்க. பார்க்கிறவரு டொக்டர்னு சொன்னா இலங்கை மருத்துவ சபை பதிவுல பேரு இருக்கான்னு நெட்லயே பார்க்கலாம். அடிக்கும்போது விட்டு விட்டு குத்துற மாதிரி சூடு வரும், பொறகு கொஞ்ச நாளைக்கு தொட்டா நோவும், வீக்கம் இருக்கும், சில பேருக்கு உள்ள சின்ன கட்டி மாதிரி தட்டுப்படும், அது பெரும்பாலும் தானா கரைஞ்சிரும். தாங்க முடியாத சூடுன்னா அந்த நிமிஷமே சொல்லிரணும், பல்ல கடிச்சிக்கிட்டு கெடக்கக் கூடாது. வயித்துல புள்ள இருக்கிறவங்க, குடலிறக்கம் உள்ளவங்க கிட்டயே போக வேணாம். தோல் தொங்குறவங்களுக்கும் இதுல பிரயோசனம் இல்ல, உள்ள இருக்கிறது குறைஞ்சா பை இன்னும்தான் தொங்கும்.

கடைசியா அக்காகிட்ட, "மல்லாந்து படுத்து முழங்கால மடக்கி, தலைய மட்டும் தூக்கி பாருங்க, தொப்புளுக்கு மேல நடுவுல என்ன தெரியுது"ன்னு கேட்டேன். போன்ல கட்டில் கிரீச்சுங்குது. "டேய், நடுவுல கூர மாதிரி எழும்புதுடா"ன்னாங்க. புள்ள சுமக்கும்போது வயித்து நடு தசை ரெண்டும் வெலகி, பொறகு சேராம நின்னா அப்படித்தான் எழும்பும், அங்க கொழுப்பு பிரச்சினையே இல்ல, எந்த லேசர் அடிச்சாலும் அது சாரிக்கு வெளிய நிக்கத்தான் செய்யும். அடுத்த கிளினிக் நாளுக்கு ஆஸ்பத்திரிக்கு போயிருக்காங்க, டொக்டர் விரல வச்சு பார்த்து ரெண்டரை விரல் இடைவெளின்னு சொல்லி ஃபிசியோதெரபிக்கு எழுதி குடுத்திருக்காரு. மூச்ச விட்டுக்கிட்டே வயித்த உள்ள இழுக்கிற பயிற்சி, காலையில பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம், மாசக்கணக்குல செய்யணுமாம்.

கல்யாணத்துக்குள்ள சரியாகுமான்னு கேட்டதுக்கு சந்தேகம்தான்னு உள்ளத சொன்னேன். "பரவால்லடா, டைலர் அண்ணன்கிட்ட பக்கத்துல ஒரு இஞ்ச் துணி விட்டு தைக்க சொல்லிட்டேன்"னாங்க.