சுரபுன்னை இலையும் துவர்ப்பின் வேலையும்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஓர் இலை படும் பாடு கொஞ்சமல்ல. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கடல்நீர் ஏறி இறங்கும்போதெல்லாம் வேரடியில் உப்பின் அளவு மாறுகிறது. உப்பு மிகுந்தால் இலைத்துளைகள் சுருங்குகின்றன. கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது. வெயிலோ குறைவதில்லை. வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாத இலையில் அந்த ஆற்றல் ஆக்சிஜன்மேல் ஏறி, அதைச் செல்லையே அரிக்கும் பொருளாக மாற்றுகிறது. அதை அடக்க உதவும் பொருள்களில் முக்கியமானவை, தாவரங்கள் தாமே உண்டாக்கும் பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள். இக்காட்டில் வளரும் சுரபுன்னை மரத்தின் இலையிலும் பட்டையிலும் அவை, குறிப்பாகத் துவர்ப்பு தரும் டானின், ஏராளம்.

இந்த இலைச்சாறு நமக்கும் மருந்தாகுமா என்று ஆராய்பவர்கள், இந்த அடக்கும் திறனை அளக்கப் பெரும்பாலும் கையாள்வது டிபிபிஎச் என்ற ஆய்வக வேதிப்பொருளை வைத்துச் செய்யும் சோதனை. 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் வெளியிட்ட முறை இது. டிபிபிஎச் மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் இணையின்றி நிற்கிறது. கரைசலின் அடர் ஊதா நிறத்துக்கு அதுவே காரணம். இலைச்சாற்றிலுள்ள பாலிஃபீனால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்ததும் ஊதா வெளிறி மஞ்சளாகிறது. எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளந்துவிடலாம். எளிமையான, அழகான சோதனை. ஆனால் டிபிபிஎச் நம் உடலில் எங்கும் இல்லை. குடித்த பாலிஃபீனாலில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. அதையும் குடலும் கல்லீரலும் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. உணவுகளின் இத்தகைய அடக்கும் திறனை, அதாவது ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை, பட்டியலிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்படுவதைக் கண்டு 2012-இல் பட்டியலையே விலக்கிக்கொண்டது.

இலைச்சாறு ஒரு நொதியை, அதாவது உடலின் வேதிவினையை விரைவாக்கும் பொருளை, தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்ற நொதி சிறுகுடல் சுவரில் இருக்கிறது. சோற்று மாவின் துண்டுகளைக் கடைசியாக உடைத்து குளுக்கோஸாக்குவது அதுதான். அதைத் தடுத்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை மெதுவாக ஏறும். இங்கே மருந்து இரத்தத்தில் சேரவே வேண்டியதில்லை, குடலில் இருந்தாலே போதும். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் அகார்போஸ் இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆனால் டானினுக்கு ஒரு குணம் உண்டு. வாழைப்பூவையோ கடுக்காயையோ மென்றால் வாய் இழுத்துப் பிடிக்கிறதே, அது உமிழ்நீரின் புரதங்களை டானின் பற்றிக்கொள்வதால் வருவது. நொதியும் புரதம்தான். எனவே டானின் நிறைந்த எந்தச் சாறும் சோதனைக் குழாயில் ஏறக்குறைய எந்த நொதியையும் முடக்கிக் காட்டும். அதைக் குறிப்பிட்ட ஒரு நொதிக்கான மருந்து என்று சொல்ல முடியாது. குடலில் உணவின் புரதங்களும் சளிப்படலமும் சூழ்ந்திருப்பதால், டானின் அவற்றிலேயே தீர்ந்துபோகவும் கூடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: குழாயில் அல்புமின் போன்ற வேறொரு புரதத்தைச் சேர்த்தால் டானின் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும், நொதி விடுபடும். அப்போதும் தடை நீடித்தால் அந்தச் சாற்றைத் தொடர்ந்து ஆராயலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. விலை மலிவு என்பதால் பலர் ஈஸ்ட்டின் நொதியை வைத்தே சோதிக்கிறார்கள். பாலூட்டிகளின் குடல் நொதியை வலுவாகத் தடுக்கும் அகார்போஸ், ஈஸ்ட் நொதியிடம் மிகவும் பலவீனமானது. ஆகவே 'அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்த இலைச்சாறு' என்று படிக்க நேர்ந்தால், எந்த உயிரின் நொதி என்று முதலில் பாருங்கள். எலிக் குடலின் நொதியில் செய்த முடிவாக இருந்தால் எனக்கு அதன்மேல் மதிப்பு கூடும்.

சுரபுன்னைக்குப் பக்கத்திலேயே தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம். இதன் இலையிலும் பாலிஃபீனால் உண்டு. டிபிபிஎச்சின் ஊதா இதற்கும் வெளிறும். ஆனால் கிளை ஒடித்தால் வடியும் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கும். அந்தப் பாலில் ஃபோர்பால் எஸ்டர் வகைப் பொருள்கள் இருக்கின்றன. இவ்வகைப் பொருள்கள் நம் செல்களில் புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்டி, அழற்சியைக் கிளப்புகின்றன. ஊதா வெளிறுவதைப் பார்க்கும் சோதனையிலோ குளுக்கோசிடேஸ் சோதனையிலோ இந்த நச்சுத்தன்மை தெரியவே தெரியாது.