“எப்போது மதம் மாறினீர்கள்?” என்று இனியாவது கேட்காதீர்கள்

இந்த வருஷத்தில் இது நாலாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வயதுப் பெண். கறுப்பின யூதர், ஆசாரமான குடும்பம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தனக்குப் பெண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பதை வீட்டில் சொன்னதில்லை. பல வாரம் தயங்கிவிட்டு, பால்புதுமையின (LGBTQ) யூதர்களுக்கான ஓர் இணைய ஆதரவுக் குழுவில் சேர்ந்தாள். கேமராவைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஒருவர் கேட்டார்: “நீங்க எப்போ யூத மதத்துக்கு மாறினீங்க?” அன்பாகத்தான் கேட்டாராம். இவள் கேமராவை அணைத்துவிட்டாள். மறுநாள் என்னிடம் வந்து “அங்கேயுமா?” என்றாள். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

நான் யூதர் இல்லை. நியூ ஜெர்சியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். இங்கே கல்லூரி ஆலோசனை மையங்களிலும் மருத்துவமனைகளிலும் தமிழர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறோம். இப்படிப்பட்ட குழுக்களை நடத்தும் பொறுப்பு நமக்கும் வரும். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

யூதர் என்றால் வெள்ளைத்தோல் என்று யார் சொன்னது? எத்தியோப்பியாவின் பீட்டா இஸ்ரேல் மக்கள் காலங்காலமாக யூதர்கள். 1991 மே மாதம் சுமார் 36 மணி நேரத்தில் அவர்களில் 14,000 பேருக்கு மேல் விமானங்களில் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். ஏமனில் யூதர்கள் இருந்தார்கள், ஈராக்கில் இருந்தார்கள், நம் பக்கத்துக் கொச்சியிலும் இருந்தார்கள். மும்பைப் பக்கத்துப் பெனே இஸ்ரேல் மக்கள் இஸ்ரேலில் குடியேறிய பிறகு, கல்யாணம் செய்துவைக்க அங்குள்ள யூத மதகுருக்கள் இவர்களுடைய பூர்வீகத்தை விசாரித்தார்கள். அந்த மக்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் 1964இல் முழு யூதர்கள் என்ற அறிவிப்பைப் பெற்றார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் சினகாக் என்ற யூத ஆலயத்தில் 2014 முதல் மூத்த ரப்பியாக (மதகுருவாக) இருக்கும் ஏஞ்சலா புக்டால் பிறந்தது சியோலில், அம்மா கொரியர். பியூ ஆய்வு நிறுவனத்தின் 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க யூதர்களில் 8 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். முப்பது வயதுக்குக் கீழே அது 15 சதவீதம். அப்படிப்பட்ட யூதர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2021இல் வந்தது. யூத இடங்களுக்குள்ளேயே பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 80 சதவீதம்.

சரி, ஒருவர் மதம் மாறியே வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேட்கக் கூடாது. மதம் மாறியவரின் பிள்ளையிடம் “உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்” என்று சொல்லாதே என்கிறது மிஷ்னா. பூர்வீகத்தைக் குத்திக்காட்டுவதை யூதர்களின் சட்ட நூலே தடுத்திருக்கிறது.

“இணையத்தில் பேசி என்ன ஆகப்போகிறது?” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பல ஆலய வாசல்களில் காவல் பலமாகிவிட்டது. அது தேவைதான். ஆனால் அந்த வாசலில் தங்களை நிறுத்தி விசாரிப்பதாகக் கறுப்பின யூதர்கள் பலர் சொல்கிறார்கள். சிறிய ஊரில் இருப்பவருக்குத் தன்னைப் போன்ற இன்னொருவரைப் பார்க்கப் பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும். இவளைக் கறுப்பினக் குழுவுக்கு அனுப்பினால் யூதர் என்பதை மறைப்பாள், யூதக் குழுவுக்கு அனுப்பினால் பெண்களை விரும்புவதை மறைப்பாள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சொல்ல அந்த ஒரு திரைதான் இருந்தது.

குழு நடத்துகிறவர்களே, அறிமுகத்தின்போது பெயரும் எப்படி அழைக்க வேண்டும் என்பதும் போதும். பூர்வீகம் வேண்டாம். உண்மைப் பெயரை வற்புறுத்தாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெளியேற்றுங்கள், தயங்காதீர்கள். ஆசாரமான சமூகத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிச் செய்தி பரவினால் அக்கா தங்கைகளுக்கு வரன் பார்ப்பதுவரை பாதிக்கும், அந்தப் பழியும் இந்தப் பிள்ளைமேல் விழும். வீட்டுக் கணினி பொதுவாக இருக்கலாம், போனில் வடிகட்டும் மென்பொருள் இருக்கலாம். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் செய்தி அனுப்பலாம் என்று முதல் நாளே கேளுங்கள்.

வெள்ளி மாலை முதல் சனி இரவுவரை யூதர்களின் ஓய்வுநாள், ஆசாரமானவர்கள் போனைத் தொட மாட்டார்கள். ஏறக்குறைய 25 மணி நேரம், முழுக்க முழுக்க குடும்பத்தோடு. சிரமம் அதிகமாகும் நேரத்தில் ஆதரவு இருக்காது. இதை யோசிக்காத குழுக்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. வெள்ளி மதியமே பேசுங்கள், நடந்து போகும் தூரத்தில் நம்பிக்கையான ஒருவர் யார் என்று கேட்டுவையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதியை மீறலாம், மீறவும் வேண்டும் என்பது யூத மரபு. அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்குப் போன் செய்வது பாவம் இல்லை என்பதை முன்கூட்டியே, முடிந்தால் ஒரு ரப்பியின் வாயால், கேட்கவையுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு உடனே எல்லாம் புரிய வேண்டியதில்லை. ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருந்த பால்புதுமையின இளையோரிடம் தற்கொலை முயற்சி 40 சதவீதம் குறைவு என்று அந்த இளையோருக்காக இயங்கும் டிரெவர் புராஜெக்ட் அமைப்பு 2019இல் கண்டது. அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். ஆசாரமான குடும்பங்களின் பெற்றோருக்கும் உதவ ஈஷெல் அமைப்பு இருக்கிறது, பால்புதுமையின யூத இளையோருக்கு ஜே.கியூ.ஒய். அமைப்பு இருக்கிறது.

அந்தப் பெண் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. நடத்துபவருக்கு எழுதினேன், விதியை மாற்றுவதாகப் பதில் வந்திருக்கிறது. நாளை வெள்ளி. சூரியன் சாய்வதற்குள் அவளிடம் பேச வேண்டும்.