இருபது கிலோ குழாய், ஒற்றை விரல்

தொலைநோக்கியை 200 மடங்கு உருப்பெருக்கத்தில் சனிக்கோளுக்குத் திருப்பிவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் சனி ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் மறைந்திருக்கும். பூமி சுழலும் வேகம் நமக்குக் கண்ணால் தெரிவது இப்படித்தான். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பாகையை அறுபதாகப் பிரித்தால் கலை, கலையை அறுபதாகப் பிரித்தால் விகலை. அந்தக் கணக்கில் நொடிக்கு 15 விகலை. 200 மடங்கில் சாதாரண ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை, காட்டும் வானத்தின் மொத்த அகலமே 15 கலைதான்.

இந்த ஓட்டத்தைத் துரத்த, மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கியில் இரண்டு திசையிலும் ஓயாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும்; வேகமும் நொடிக்கு நொடி மாறும். ஈக்குவடோரியல் மவுண்ட் என்ற வகைத் தாங்கி இதற்குக் கண்ட வழி, ஓர் அச்சைச் சாய்த்துப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்துவிடுவது. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற ஒரே சீரான வேகத்தில் ஒரு மோட்டார் அந்தத் துருவ அச்சைச் சுழற்றினால் போதும். ஆர்.ஏ. அச்சு என்பது இதுதான். அதற்குச் செங்குத்தான டெக் அச்சு, இலக்கைத் தேடுவதற்கு மட்டும். கண்டுபிடித்த பிறகு அதைத் தொடவேண்டிய வேலை இல்லை.

யோசனை எளிது. சிக்கல் அந்தச் சாய்வில்தான் தொடங்குகிறது. பெரிய குழாய் ஒன்றை நேராக நிற்கும் தூணின் தலையில் வைத்தால் தூண் தாங்கிக்கொள்ளும். சாய்ந்த அச்சின் பக்கவாட்டில் தொங்கவிட்டால், அது எந்நேரமும் கீழே புரளப் பார்க்கும்.

இதற்கு வழி சொன்னவர் ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் ஃப்ரான்ஹோஃபர். 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்கு, இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு நகரம் அது, 24 சென்டிமீட்டர் வில்லையும் நாலு மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஒரு தொலைநோக்கியைச் செய்து கொடுத்தார். டெக் அச்சின் ஒரு முனையில் குழாய், மறு முனையில் எதிர்எடை. சுழற்றுவதற்கு, எடை இறங்க இறங்க ஓடும் ஒரு கடிகாரப் பொறி. இன்று பொழுதுபோக்கு வானியலாளர்கள் கையாளும் ஜெர்மன் மவுண்டின் அடிப்படை அமைப்பு அன்றைக்கே முடிந்துவிட்டது.

எதிர்எடையின் கணக்கு ஊஞ்சல் பலகைக் கணக்குதான். நியூட்டோனியன் என்ற ஆடி வகைத் தொலைநோக்கி, 10 அங்குலம், அதைப் பிடிக்கும் வளையம், இலக்கைத் தேட உதவும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டர், கேமரா எல்லாம் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குழாயின் நடு, துருவ அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. இருபதை முப்பதால் பெருக்கினால் 600. எதிர்ப்பக்கம் 15 கிலோவை 40 சென்டிமீட்டரில் வைத்தாலும் 600. அச்சை இறுக்கிப் பிடிக்கும் கிளட்சைத் தளர்த்துங்கள்: முப்பத்தைந்து கிலோ இரும்பும் கண்ணாடியும் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ஒற்றை விரலால் தள்ளினால் நகரும். இதை முதல்முறை பார்க்கும் எவரும் இன்னொரு தடவை தள்ளிப் பார்க்காமல் விடுவதில்லை.

இது வெறும் வேடிக்கை இல்லை. மோட்டார் எதையும் தூக்கவேண்டியதில்லை, உராய்வை மட்டும் வென்றால் போதும் என்பதுதான் இதன் பொருள். 1948-இல் திறக்கப்பட்ட பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியும் ஈக்குவடோரியல் வகைதான், குதிரை லாட வடிவத் தாங்கியில் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பது. அதில் நகரும் பகுதி மட்டும் சுமார் 500 டன். நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து அதைச் சுழற்ற, ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத சின்ன மோட்டார் போதுமானதாக இருந்தது.

சமநிலை பார்ப்பதில் நியூட்டோனியன் ஒரு தந்திரம் செய்யும். எதிர்எடைக் கம்பியைக் கிடையாக்கிக் குழாயையும் கிடையாக வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தி டெக் அச்சைச் சமன் செய்தாயிற்று என்று நினைப்போம். அப்புறம் குழாயை மேல்நோக்கி நிமிர்த்தினால் அது மெல்லச் சாயும். காரணம், ஐபீஸைத் தாங்கிக் குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசரும் ஃபைண்டரும் கேமராவும் குழாயின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது. குழாய் கிடையாக இருக்கும்போது இந்தப் பக்கச்சுமை தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியும். நிமிரும்போது ஒளிய இடமில்லை. குழாயை வளையத்துக்குள்ளேயே சுழற்றி, ஃபோகசர் மவுண்டை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ இருக்கும்படி வைத்தால் அந்தச் சுமை டெக் அச்சின் போக்கிலேயே வந்துவிடும். டெக் அச்சைத் திருப்ப அதற்கு வழியில்லை. நான் இது தெரியாமல் குழாயைப் பிடிக்காமலே டெக் கிளட்சைத் தளர்த்தி, ஐபீஸ் ட்ரைபாட் காலில் போய் மோதிய சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டுச் சமன் செய்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் கெடுத்துவிட வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை. துல்லியமாகச் சமன் ஆனால், கியர் பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியில் அச்சு இங்கும் அங்கும் மிதக்கும். எனவே கிழக்குப் பக்கம் சற்றே கனமாக விடுவது வழக்கம். அச்சு மேற்கு நோக்கிச் சுழல்வதால், மோட்டார் அந்தச் சிறு கனத்தை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பல்லின் ஒரே முகம் ஒட்டியபடி இருக்கும்.

சரி, எடைப் பிரச்சினை தீர்ந்ததா? எதிர்எடை ஈர்ப்பின் இழுப்பைத்தான் ரத்து செய்கிறது. நிலைமத்தை, அதாவது நகராத பொருள் நகர மறுப்பதையும் நகர்ந்த பொருள் நிற்க மறுப்பதையும், அது ரத்து செய்யாது, கூட்டவே செய்கிறது. பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் உண்மையில் மல்லுக்கட்டுவது இதனோடுதான்.

ஃபோகசரைத் திருக விரல் வைத்தவுடன் குழாய் நடுங்கும். ஒரு விகலை நடுக்கம் 200 மடங்கில் 200 விகலை ஆகும், அதாவது மூன்று கலைக்கு மேல். கண் பிரித்தறிவது சுமார் ஒரு கலை. ஆகவே ஒரு விகலை ஆட்டமே சனியின் வளையத்தைக் கலங்கடித்துவிடும். லேசான குழாய் படபடவென்று ஆடிச் சட்டென்று அடங்கும். கனமான, நீளமான குழாய் நிதானமாக ஆடும், நிதானமாகவே அடங்கும். சுழற்சி நிலைமம் தூரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், எடையைவிட நீளம் மோசமான எதிரி. ஒரே விட்டமுள்ள நியூட்டோனியனைவிடக் குட்டையான ஷ்மிட்-காசிகிரேன் வகைத் தொலைநோக்கி அதே மவுண்டில் சாதுவாக நடந்துகொள்வது இதனால்தான். காற்று அடித்தாலும் நீளக் குழாய்தான் பாய்மரம் ஆகும்.

எதிர்எடைக்கும் இதே விதி. மேலே சொன்ன 15 கிலோ, 40 சென்டிமீட்டர் ஏற்பாட்டில் எதிர்எடையின் நிலைமம் 2.4 கிலோகிராம் சதுர மீட்டர். அதை 20 கிலோவாக்கி 30 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் சமநிலை அப்படியே இருக்கும், நிலைமம் 1.8 ஆகக் குறையும். கம்பியின் நுனியில் சின்ன எடையைத் தள்ளி வைத்துச் சமாளிப்பதைவிட, கூடுதலாக ஓர் எடை வட்டு வாங்கி அச்சருகே வைப்பது மேல். தூக்கிச் சுமக்கும் முதுகு இதற்கு ஒப்புக்கொள்ளாது என்பது வேறு விஷயம்.

மவுண்டின் தரத்தை அறிய நான் நம்பும் சோதனை, குழாயில் ஒரு தட்டு தட்டி, ஆட்டம் அடங்கும்வரை நொடிகளை எண்ணுவது. இரண்டு மூன்று நொடியில் அடங்கினால் நல்ல மவுண்ட். ஏழெட்டு ஆனால் கண்ணால் பார்ப்பதுகூடச் சலிப்புதான். ட்ரைபாட் கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்தாலே பாதி ஆட்டம் போய்விடும். கண் வைக்கும் உயரத்துக்காகக் காலை நீட்டுபவர்களைப் பார்த்தால், ஒரு முக்காலி வாங்கி உட்காருங்களேன் என்று சொல்லத் தோன்றும்.

படம் எடுப்பவர்களுக்குக் கியரும் கவலை தரும். துருவ அச்சின் பல்சக்கரத்தை ஒரு வார்ம், அதாவது திருகுத் தண்டு, சுழற்றுகிறது. 180 பல் உள்ள சக்கரம் என்றால் வார்ம் ஒரு சுற்று முடிக்கச் சுமார் 8 நிமிடம். வார்மில் உள்ள எந்தக் குறையும் 8 நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரத்தை முன்னும் பின்னும் அசைக்கும். சக்கரத்தின் ஆரம் 50 மில்லிமீட்டர், குறை வெறும் 5 மைக்ரான் என்றால், பிழை 20 விகலை. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குறை அது! சக்கரத்தின் ஆரத்தை இரட்டித்தால் அதே குறை பாதிப் பிழைதான் தரும். கனமான குழாய்க்குரிய மவுண்டுகளில் பெரிய சக்கரம் இருப்பது சுமை தாங்க மட்டுமல்ல, இதற்காகவும்தான்.

அச்சை வானத்துத் துருவத்துக்கு நேராக்குவதில், படம் எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் தங்களை அளவுக்கு மீறி வருத்திக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். அச்சு அரைப் பாகை விலகியிருந்தாலும் ஒரு மணி நேரத்தில் இலக்கு அதிகபட்சம் 8 கலைதான் நழுவும். துருவ நட்சத்திரமே உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளித்தான் இருக்கிறது. அதை நோக்கி அச்சைக் காட்டினாலே பார்வைக்குப் போதும். படம் எடுப்பவர்களுக்கு இது பற்றாது. நழுவலை அளந்து திருத்த வேண்டும். வட அரைக்கோளத்தில், வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் உச்சிக்கோட்டருகே, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுவரையை ஒட்டிய ஒரு நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. கிழக்கு வானத்து நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது.

கனமான கருவியில் இதையும் இரண்டு தவணையாகச் செய்யவேண்டும். குழாய் ஏற்றுவதற்கு முன் தோராயமாக ஒருமுறை. ஏற்றிய பிறகு கால்கள் மண்ணில் அமுங்கி, உலோகம் மிக நுண்ணிய அளவில் வளைந்து எல்லாம் அடங்கியதும் துல்லியமாக ஒருமுறை. சுமை இருக்கும்போது அச்சின் சாய்வை மாற்றும் உயரத் திருகாணியை முரட்டுத்தனமாகத் திருகினால் அது வளைந்துவிடும். குழாயை ஒரு கையால் சற்றுத் தாங்கிக்கொண்டு திருகலாம்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. துருவத்தின் உயரம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதால் அச்சு அநேகமாகப் படுத்துவிடும். கீழே தொங்கும் எதிர்எடை ட்ரைபாட் காலில் இடிக்கும். மவுண்டுக்கும் ட்ரைபாடுக்கும் நடுவே ஒரு குட்டைத் தூண் வைத்தால் தீரும்.

இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டும்போது குழாயின் அடிப்பக்கமும் இதேபோல் காலை நோக்கி வரும். அப்போது குழாயையும் எதிர்எடையையும் பக்கம் மாற்றிப் புரட்ட வேண்டும். நீள நியூட்டோனியனில் புரட்டிய பிறகு ஐபீஸ் எட்டாத மூலைக்குப் போய்விடுவதும் உண்டு. வளையத்தைத் தளர்த்திக் குழாயைச் சுழற்றலாம். குழாய் வழுக்கி இறங்காமலிருக்க, மேல் வளையத்துக்குச் சற்று மேலே கூடுதலாக ஒரு வளையத்தைக் குழாயோடு இறுக்கிவிடுவது பழைய வழி.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எதிர்எடை, பிறகு குழாய். எதிர்எடை கீழே தொங்கி, கம்பி நேர் கீழ்நோக்கி இருக்க, இருவர் பிடித்துக் குழாயை மேலே வைப்பது உத்தமம். இறக்கும்போது தலைகீழ்: முதலில் குழாய். மறந்து எதிர்எடையை முன்னால் கழற்றினால், அதுவரை ஒற்றை விரலுக்கு அடங்கிய 20 கிலோவும் மொத்தமாகச் சுழன்று இறங்கும். நள்ளிரவு தாண்டி, தூக்கக் கலக்கத்தில் இந்த வரிசை மாறிப்போவது எளிது. கம்பியின் நுனியில் இருக்கும் சின்னத் திருகையும் மாட்ட மறக்கவேண்டாம். வட்டின் பிடி தளர்ந்து வழுக்கினால், நேர் கீழே இருட்டில் இருப்பது உங்கள் கால் விரல்.