வார்டில் செல்போன் படம்: விதி என்ன சொல்கிறது?

எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து போனில் ஒரு படம். அடுத்த நிமிடம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில், “டயக்னோசிஸ் என்ன, சொல்லுங்க பார்ப்போம்”. மருத்துவக் கல்லூரி வார்டுகளில் இது சாதாரணம். அந்தப் படத்தின் மூலையைப் பெரிதாக்கினால் நோயாளியின் பெயர், வயது, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), தேதி எல்லாம் இருக்கும். எலும்பைக் காட்டப் போனவர் ஆளையே காட்டிவிட்டார்.

டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002-ல் வந்தவை. சிகிச்சையின்போது தெரியவந்த நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்கிறது விதி 7.14. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்: இந்த மூன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் யாரென்று தெரிகிற மாதிரி படமோ கேஸ் விவரமோ இதழில் வெளியிட நோயாளியின் அனுமதி வேண்டும் என்பது 7.17, அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை. இதழ்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. வாட்ஸ்அப் அப்போது பிறக்கவே இல்லை.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள், நோயாளியின் படத்தையும் ஸ்கேனையும் சமூக ஊடகத்தில் போட வேண்டாம் என்று நேராகவே சொல்லின. அதே மாதம் அவை நிறுத்திவைக்கப்பட்டு, பழைய 2002 விதிகளே திரும்பி வந்தன.

இவையெல்லாம் பதிவு பெற்ற டாக்டர்களுக்கானவை. படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்குத் தற்காலிகப் பதிவு உண்டு; மூன்றாம் வருட மாணவருக்கு அதுவும் இல்லை. அதற்காக மாணவரை எந்தச் சட்டமும் தொடாது என்று நினைத்துவிடக் கூடாது. நம்பிச் சொல்லப்பட்ட எச்.ஐ.வி. நிலையை, சம்மதம் இல்லாமல் யாருமே வெளியிடக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டுச் சட்டம். அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு 2 ஆண்டு வரை உள்ளே வைக்கும்.

“கண்ணில் கறுப்புப் பட்டை போட்டாச்சே!” என்பார்கள். கையில் பச்சை குத்திய பெயரை என்ன செய்வது? படமே வேண்டாம், “நேத்து சாயங்காலம் கிணத்துல விழுந்து வந்த பொண்ணு” என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். போனும் சும்மா இருக்காது. குரூப்பில் வந்த படம் இருபது பேரின் கேலரியில் தானாக இறங்கும். அங்கிருந்து கிளவுடுக்கு ஏறும். வீட்டில் தம்பி கேம் விளையாட வாங்கும் போனிலும் அது இருக்கும். படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால், லொக்கேஷன் ஆன் செய்து எடுத்திருந்த பட்சத்தில் எடுத்த இடமும் கூடவே போகும்.

கேட்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை: “பாட்டி, இந்தக் கால் புண்ணை மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா? முகம் வராது. எங்க பாடத்துக்குத்தான். வேண்டாம்னா விட்டுடறேன், வைத்தியம் எப்பவும் போல நடக்கும்.” கடைசி வாக்கியம்தான் முக்கியம். அரசு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு, மறுத்தால் கவனிக்க மாட்டார்களோ என்ற பயம் இருக்கும். எழுத்தில் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. முடிந்தால் துறையின் கேமராவில் எடுப்பது இன்னும் நல்லது.

நோயாளி பக்கம் இருப்பவர்களுக்கு: சிகிச்சைக்குச் சம்மதித்தது படத்துக்குச் சம்மதித்ததாகாது. யார் போனை நீட்டினாலும் “எதுக்கு எடுக்கிறீங்க?” என்று கேட்கலாம், மறுக்கலாம், எடுத்ததை அழிக்கச் சொல்லலாம். படம் வெளியே வந்துவிட்டால் முதலில் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்தவர் மாணவர் என்றால் டீனிடமும், பதிவு பெற்ற டாக்டர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சிலிலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.