முன்னுரிமை நோயாக்கி: யாருக்கு உரிமை?

வெள்ளவத்தையில் என் அயல்வீட்டு அம்மாவுக்கு, நான் தமிழாக்கிக்கொண்டிருந்த ஒரு சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தை வாசித்துக் காட்டினேன். "முன்னுரிமை நோயாக்கிகள்" என்ற இடம் வந்ததும் இடைமறித்தார். "கிருமிக்கு எதற்குத் தம்பி முன்னுரிமை?"

அவர் கேட்டது சரி. கொழும்பு பஸ்களில் மதகுருமாருக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆசனம் ஒதுக்கியிருக்கிறார்கள், அது முன்னுரிமை. ஒருவருக்கு நன்மை செய்யும் சொல் அது, உள்ளே 'உரிமை' உட்கார்ந்திருக்கிறது. நாம் மொழிபெயர்க்கும் 'priority' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கோ 'முந்தியது' என்றுதான் பொருள். கால ஒழுங்கைக் குறித்த வேர், தமிழுக்கு வரும்போது கிருமிக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

'நோயாக்கி' நல்ல சொல். நமது பாடநூல்கள் வளர்த்தது. நோயை ஆக்குவது என்று தன் பொருளைத் தானே சொல்கிறது. 'கிருமி' வடமொழியில் புழு. 'பற்றீரியா' கிரேக்கத்தில் சிறு கோல். நுணுக்குக்காட்டியில் முதலில் கண்டவை கோல்போல் தெரிந்ததால் வந்த பெயர்.

'முன்னுரிமை நோயாக்கிகள்' என்பது ஒரு பட்டியலின் பெயர். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களின் அந்தப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2017இல் முதன்முதலாக வெளியிட்டது. 2024இல் அதைப் புதுப்பித்தபோது 15 குடும்பங்களைச் சேர்ந்த 24 நோயாக்கிகள் மூன்று படிகளில் வைக்கப்பட்டன. எத்தனை உயிர்களைக் கொல்கிறது, எவ்வளவு எளிதாகப் பரவுகிறது, பத்தாண்டுகளில் அடங்காமை எப்படி வளர்ந்தது, தடுக்க வழி உண்டா, புதிய மருந்து ஏதும் வரவிருக்கிறதா என்றெல்லாம் பார்த்தே படி தீர்மானமானது. ஆய்வும் பணமும் எங்கே முதலில் போக வேண்டும் என்பதற்கான வரிசை அது. கார்பபெனம் என்ற அன்டிபயோட்டிக் வகைக்கு அடங்காத அசினெற்றோபக்டர் பௌமானி என்ற பற்றீரியாவும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்காத காசநோய்ப் பற்றீரியாவும் உச்சப்படியில் இருக்கின்றன. நம் வீடுகளில் நெருப்புக்காய்ச்சல் என்கிறோமே, அதை உண்டாக்கும் சல்மனெல்லா டைஃபியில் புளோரோகுயினோலோன் என்ற அன்டிபயோட்டிக் வகைக்கு அடங்காதது இரண்டாம் படியில் இருக்கிறது. 2017இல் உச்சப்படியில் இருந்த, கார்பபெனமுக்கு அடங்காத சூடோமோனாசு என்ற பற்றீரியா 2024இல் ஒரு படி இறங்கியது. அதற்கு இருந்த எந்த உரிமை பறிபோனது? எதுவுமில்லை. நம் கவனத்தின் வரிசைதான் மாறியது.

ஆகவே 'முதற்கவன நோயாக்கிகள்' என்று எழுதுகிறேன். கவனிப்பவர் நாம் என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

இதைவிட என்னை வருத்துவது 'அன்டிபயோட்டிக் எதிர்ப்பு' என்ற வழக்கு. நாம் போற்றும் 'நோய் எதிர்ப்புச் சக்தி'யின் அதே 'எதிர்ப்பு' இங்கும் வருகிறது. அதனால் பலர் தங்கள் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதாக எண்ணுகிறார்கள். அயல்வீட்டு அம்மாவும் அப்படித்தான்: "என் உடம்பில் அன்டிபயோட்டிக் இனி வேலை செய்யாது, பழகிவிட்டது." பழகியது அவருடைய உடம்பல்ல, பற்றீரியா. சில பற்றீரியா மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சுரக்கிறது. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த வித்தைக்கான மரபணுவை அயலிலுள்ள பற்றீரியாவுக்குக் கைமாற்றவும் அவற்றால் முடியும். அப்படிப்பட்ட பற்றீரியா அன்டிபயோட்டிக்கையே எடுத்திராத ஒருவருக்கும் தொற்றலாம். உடம்புதான் பழகியது என்று நம்புகிறவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. இங்கே ஒரு சொல்லின் பிழை உயிரோடு விளையாடுகிறது.

அன்டிபயோட்டிக்குக்கு 'நுண்ணுயிர்க்கொல்லி' என்ற சொல் பாடநூலில் உண்டு. ஆனால் இவற்றுள் சில பற்றீரியாவைக் கொல்வதில்லை, வளரவிடாமல் தடுக்கின்றன; வைரசிடம் எதுவும் பலிப்பதில்லை. துண்டுப்பிரசுரத்தில் எல்லோரும் அறிந்த 'அன்டிபயோட்டிக்'கையே வைத்துக்கொண்டேன். 'எதிர்ப்பு' இருந்த இடமெல்லாம் 'அடங்காமை' ஆயிற்று. சொல்லுக்கு அடங்காத பிள்ளை என்கிறோம். மருந்துக்கு அடங்காத பற்றீரியா என்றால் அடங்காதது எது என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

திருத்திய வரியை அம்மாவிடம் மறுபடி வாசித்தேன்: "மருந்துக்கு அடங்காத முதற்கவன நோயாக்கிகள்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் என் உடம்பில் குறையில்லையா?" என்று கேட்டார்.