தாத்தாவின் ராசி வாட்ச்: திறக்காதீர்கள்

ஓர் ஆஸ்பத்திரியில் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் நான். எக்ஸ்ரே அறைச் சுவர், ஊழியர்கள் மேல் பட்ட கதிரைக் கணக்கிடும் பேட்ஜ் என்றுதான் நாள் போகும். போன மாதம் ஒருவர் பழைய கைக்கடிகாரத்தோடு வந்தார். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து பர்மா போர்முனைக்குப் போனவராம். உயிரோடு திரும்பியதால் வாட்ச் ராசியானதாகிவிட்டது. பரீட்சை, பெண் பார்ப்பது, இன்டர்வியூ எதுவானாலும் அதைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

"முன்னெல்லாம் இருட்டில் பச்சையாக மினுங்குமாம் சார். இப்போது இல்லை. ரேடியம் தீர்ந்திருக்கும், இல்லையா?"

கதிர் அளக்கும் கருவியை அருகே கொண்டுபோனேன். சடசடவென்று அடித்தது.

அணைந்தது ரேடியம் அல்ல. அந்தக் காலப் பூச்சில் ரேடியத்தோடு துத்தநாக சல்ஃபைடு கலந்திருக்கும். கதிர் பட்டு ஒளிர்வது இரண்டாவதுதான். ஓயாமல் அடிவாங்கிச் சில பத்தாண்டுகளில் அது செத்துவிடும். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். 1943இல் பூசியதில் இதுவரை நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு போயிருந்தால் அதிகம்.

மூடி இருக்கும்வரை பெரிய பயமில்லை. ரேடியம் வீசும் கதிர்களில் ஆல்ஃபா கண்ணாடியைத் தாண்டாது. காமா கொஞ்சம் வரும். ஆபத்து, உதிரும் பூச்சு மூக்கிலோ வாயிலோ போவதில்தான். உடம்பு ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். 1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்புக்குப் பூச்சு தீட்டிய பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அழுகியும் எலும்புப் புற்று வந்தும் இறந்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொரு வாட்ச். ரிப்பேர் கடையில் முள்ளின் பழைய பூச்சை பிளேடால் சுரண்டி, ஊதிவிட்டு, புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வேலை சுத்தம்தான். அந்த மேஜையில்தான் அவர்கள் தினமும் டீ குடிக்கிறார்கள்.

மினுங்குவதெல்லாம் ரேடியம் அல்ல. 1960களில் டிரிட்டியம் வந்தது, பலவீனமான கதிர் வீசும் ஒருவகை ஹைட்ரஜன். முகப்பின் கீழ்விளிம்பில் ஆங்கில 'T' எழுத்து இருக்கும். பின்மூடியில் அம்பு முத்திரை இருந்தால் பிரிட்டிஷ் ராணுவ வாட்ச், உஷாராக இருங்கள். ஜிப் கவரில் போட்டு, படுக்கையறை தவிர்த்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். கண்ணாடி உடைந்திருந்தால் தட்டாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். எங்களைப் போன்றவர்களைக் கேளுங்கள்.

"மார்ச்சில் பையனுக்குப் பிளஸ் டூ சார்..." என்று இழுத்தார்.

கண்ணாடியில் விரிசல் இல்லை. சரி, மூன்று மணி நேரம் கட்டட்டும், தலையணைக்கு அடியில் மட்டும் வேண்டாம் என்றேன்.

அவர் முகம் மாறியது. "முந்தின ராத்திரி அங்கேதான் சார் வைப்போம்."