வீட்டுப் பியருக்கும் ஒரு லேபிள் வேண்டும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவராக இருக்கிறேன். குடியைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுத்தந்தவை சனிக்கிழமை இரவுகள் அல்ல, ஞாயிறு காலைகள். அப்படி ஒரு காலையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவரை அவருடைய மனைவி அழைத்துவந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது, மூச்சில் பியர் வாடை. "நேற்று நண்பர் வீட்டில் விருந்து. இன்னும் தெளியவில்லை" என்று அந்த அம்மா தலையைக் குனிந்தபடி சொன்னார்.

விரலில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 2.1 மில்லிமோல். நம் ஊர்க் கணக்கில் 38 மில்லிகிராம், ஆபத்தான அளவுக்குக் குறைவு. அவர் நீரிழிவுக்கு கிளிக்லசைடு மாத்திரை எடுப்பவர். குளுக்கோஸ் ஏற்றிய சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, தன் காலணி எங்கே என்று கேட்டார். அந்த மாத்திரையின் வேலை நெடுநேரம் நீடிக்கும் என்பதால் அன்று முழுவதும் அவரை வார்டிலேயே வைத்திருந்தோம். "மூன்று கிளாஸ்தான் டாக்டர். கடையில் வாங்கியதுகூட இல்லை, நண்பரே வீட்டில் செய்தது" என்றார். வீட்டு முறுக்கு, வீட்டு ஊறுகாய் என்று சொல்லும் அதே நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது.

மதியம் அந்த நண்பரே பதறிப்போய் வந்தார். பியரின் வீரியம் எவ்வளவு என்று கேட்டேன். "ஐந்து சதவீதம் இருக்கும்" என்றார். அளந்தீர்களா என்றதற்கு, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் முதல் மாதமே உடைந்துவிட்டதாகச் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் சில ஆண்டுகளாக வீட்டில் பியர் செய்கிறேன். பிரிட்டனில் இதற்கு ஒரு காலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். சொந்த உபயோகத்துக்குச் செய்வதற்குத் தடையில்லை; விற்கப் போனால்தான் சட்டம் குறுக்கே வரும். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் போட்டு இரண்டு வாரம் காத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. என் முதல் தயாரிப்பை நண்பர்களுக்கு ஊற்றியபோது "நல்ல கனமான பியர்" என்று பாராட்டினார்கள். அளவுகளை எழுதிய தாளை மறுநாள்தான் எடுத்துப் பார்த்தேன்.

ஈஸ்ட் போடும் முன் அடர்த்தி 1.062, நொதித்து முடிந்தபின் 1.010. இந்த வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும்: 6.8. இந்த ஊர் பைண்ட் 568 மில்லி. இங்கே ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். கடையில் கிடைக்கும் 4 சதவீத லாகர் பியர் ஒரு பைண்டில் 2.3 யூனிட் இருக்கும், என்னுடையதில் 3.9. மூன்று பைண்ட் குடித்த நண்பர், தனக்கே தெரியாமல் ஐந்து பைண்ட் குடித்திருக்கிறார்.

கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டைத்தான் கரைக்கும். இரவு 11 மணிக்குக் கடைசிக் கிளாஸைக் கீழே வைத்தவர், குளித்துக் காபி குடித்துவிட்டுக் காலை 7 மணிக்குக் கார் சாவியை எடுக்கும்போது கணக்கு தீர்ந்திருக்காது. ஸ்காட்லாந்தில் ஓட்டுநருக்கான வரம்பு 2014 டிசம்பர் முதல் 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இந்தியாவில் 30.

நீரிழிவுக்காரர்களிடம் இது வேறு வழியில் விளையாடும். உணவில்லாத நேரத்தில் கல்லீரல்தான் புதிதாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆல்கஹாலைக் கரைக்கும் வேலையில் இறங்கினால் இதைக் குறைத்துவிடும். இன்சுலினோ கிளிக்லசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்கு விடியற்காலையில் சர்க்கரை சரியலாம். வியர்வை, தள்ளாட்டம், குழறல் எல்லாம் போதையைப் போலவே தெரியும். "தூங்கட்டும், தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. நம் நண்பர் கூட்டங்களில் நீரிழிவுக்காரர் ஒருவராவது இல்லாமல் இருப்பது அரிது. ஊற்றுகிறவர் கேட்டுவிட வேண்டும். குடிக்கிறவர் சோறோ சப்பாத்தியோ சாப்பிட்டிருக்க வேண்டும், படுக்கும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும்.

ஊரில் இருந்து அழைப்பவர்கள் கேட்பது வேறு. "வீட்டில் காய்ச்சியதைக் குடித்தால் கண் போய்விடாதா?" காய்ச்சுவது என்ற சொல் நம் காதில் அப்படித்தான் விழும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். மால்ட்டை நொதிக்கவைத்த பியரில் மெத்தனால் மிகச் சொற்பம். பியரை மட்டும் செய்து, அதைச் சாராயம்போலக் காய்ச்சி வடிக்காதவரை அந்தப் பயம் வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அங்கே வீட்டில் பியர் செய்வதும் குற்றம்தான். கிருமி பயமும் பெரும்பாலும் வீண். கொதி, புளிப்பு, ஹாப்ஸ், ஆல்கஹால் ஆகிய நான்கையும் தாண்டி நோய்க்கிருமி பிழைப்பது கடினம். கெட்டுப்போன பியர் நாக்கைத்தான் தண்டிக்கும்.

ஆளைக் காயப்படுத்துவது புட்டி. நொதித்தல் முடியும் முன்பே பியரை அடைத்து மூடி, நுரைக்காகச் சர்க்கரையும் சேர்த்தால் வாயு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி வெடிக்கும். மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்த நேரத்தில் புட்டி வெடித்து, சுண்டுவிரல் தசைநாண் அறுந்து வந்த ஒருவரை அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறேன். கண்ணில் படாதது அவர் அதிர்ஷ்டம். அடர்த்தி எண் மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும். சர்க்கரை லிட்டருக்கு 6, 7 கிராம் போதும். பழரசப் புட்டி, ஒயின் புட்டி இரண்டும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு புட்டியைத் திறந்ததும் பொங்கிக் கூரையைத் தொட்டால், மற்றவற்றை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியர் புளிப்பானது. பித்தளையில் மோரை ஊற்றினால் களிம்பு ஏறும் என்று தெரிந்த நாம், துத்தநாகம் பூசிய வாளியில் பியரை வாரக்கணக்கில் வைக்கத் தயங்குவதில்லை. தென் ஆப்பிரிக்காவில் இரும்புப் பீப்பாய்களில் செய்த பாரம்பரியப் பியரைக் குடித்துவந்தவர்களின் கல்லீரலில் இரும்பு படிந்து நோயானது மருத்துவப் பாடத்திலேயே உண்டு. எவர்சில்வரோ உணவுத் தரப் பிளாஸ்டிக்கோ போதும்.

இப்போது என் புட்டிகளின் கழுத்தில் காகித டேப் ஒட்டி மூன்று விவரங்கள் எழுதுகிறேன்: அடைத்த தேதி, ஆல்கஹால் சதவீதம், பார்லியா கோதுமையா என்பது. கடைசி விவரம் கோதுமை ஒவ்வாதவர்களுக்காக; குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இரண்டுமே ஆகாது. அடிவண்டலில் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால் கடைசி ஒரு விரல் அளவை ஊற்றுவதில்லை. பழைய மனச்சோர்வு மருந்துகளான ஃபெனல்சின், டிரானில்சிப்ரோமின் எடுப்பவருக்கு ஒரு சொட்டும் ஊற்றமாட்டேன்; இத்தகைய பியரில் உள்ள டைரமின் என்ற வேதிப்பொருள் அந்த மருந்துகளோடு சேர்ந்தால் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும்.

போன மாதம் வந்த நண்பர் ஒருவர் புட்டியைத் திருப்பி 6.8 என்று படித்தார். "அப்படியானால் எனக்குச் சின்னக் கிளாஸ் கொடு" என்றார். மீதியை நானே குடித்தேன். மறுநாள் எனக்கு விடுமுறை.